30, 50, 60 எல்லாம் ஒரே டைம்லைனில்: ஃபிரேம் ரேட் மாற்றுவதற்கு முழுமையான வழிகாட்டி

கல்யாண வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேடையில் நின்ற இரண்டு கேமராக்களும் வினாடிக்கு 25 ஃபிரேமில் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃபிரேம்) ஓடியிருக்கின்றன. மாப்பிள்ளை அழைப்பை உறவினர் ஒருவர் போனில் எடுத்திருக்கிறார், அது 30. ஸ்லோமோஷனுக்கென்று தனியாக எடுத்தவை 50, 60. போதாக்குறைக்குப் பெற்றோர் கல்யாணக் கேசட்டிலிருந்து இரண்டு நிமிடம் சேர்க்கச் சொல்கிறார்கள், அது இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப்படங்களால் ஆனது. எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் போட்டால் எடிட்டிங் மென்பொருள் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். டிவியில் போட்டுப் பார்க்கும்போதுதான் ஊர்வலம் தத்தித் தத்திப் போவதும், தவில்காரர் கை இறங்கிய பிறகு சத்தம் வருவதும் தெரியும்.

இந்த வேலைக்கு இலவச மென்பொருள்களே போதும்: ஃபைலைப் பரிசோதிக்க மீடியாஇன்ஃபோ, சீராக்க ஹேண்ட்பிரேக், மாற்றவும் எடிட் செய்யவும் டாவின்சி ரிசால்வ், ஒலிக்கு ஆடாசிட்டி. கமாண்ட் லைனில் வேலை செய்கிறவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் ஒன்றே பெரும்பாலானதைச் செய்துவிடும். அதைப் பற்றிக் கடைசிப் பகுதியில் வருகிறது.

எண் ஒன்று, வேலை இரண்டு

"30ஐ 25 ஆக்க வேண்டும்" என்று சொல்லும்போது அதற்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வேலையில் நேரம் மாறாது, ஃபிரேம்கள் மாறும். 10 வினாடிக் காட்சி 10 வினாடியாகவே இருக்கும். ஆனால் 300 ஃபிரேம் இருந்த இடத்தில் 250தான் இருக்க முடியும், எனவே ஐம்பதைத் தூக்கியாக வேண்டும் அல்லது புதிதாக 250ஐ வரைந்தாக வேண்டும். ஒலியில் கை வைக்கத் தேவையில்லை.

இரண்டாவது வேலையில் ஒரு ஃபிரேம்கூடப் போகாது, நேரம் மாறும். அதே 300 ஃபிரேமை வினாடிக்கு 25 வீதம் ஓட்டினால் 12 வினாடி ஆகும். படம் சுத்தமாக இருக்கும், அசைவு மட்டும் சற்று மெதுவாகும். ஒலியும் சேர்ந்து இழுபடும்.

பேச்சு, தாலி கட்டு, நாதஸ்வரம் என்று ஒலி முக்கியமான எதற்கும் முதல் வழி. கோலம், மாலை, மண்டப அலங்காரம், மணப்பெண் நடந்து வருவது போலப் பின்னணி இசையோடு வரும் எதற்கும் இரண்டாவது வழி. போனில் எடுத்த 30 ஃபிரேம் அலங்காரக் காட்சிகளை 25க்கு இப்படி மெதுவாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு நீளும், பார்ப்பவருக்கு அது அழகாகவே படும். கணக்குப் போட்டு ஃபிரேம்களைக் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் பலர் இந்த வழியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எந்த எண்ணுக்கு மாற்றுவது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1982இல் இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தபோது எடுத்துக்கொண்ட பால் (PAL) என்ற டிவி முறையும் வினாடிக்கு 25 ஃபிரேம்தான். கேமராவும் டிவியும் இங்கே 25, 50 என்று பழகியதன் வேர் அது. அமெரிக்க முறை 30இல் தொடங்கி, 1953இல் கலர் வந்தபோது 29.97 ஆனது. சினிமா 24. அமெரிக்க டிவி கணக்கோடு ஒத்துப்போக 24ஐயும் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்ததால் வந்ததுதான் 23.976.

டைம்லைனின் எண்ணை முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். பெரும்பகுதி எதில் எடுக்கப்பட்டது? கடைசியில் எங்கே போகிறது? இரண்டு மேடைக் கேமராவும் 25 என்றால் டைம்லைன் 25. குறும்படம் தியேட்டரில் ஓட வேண்டுமென்றால் 24, ஏனென்றால் டிசிபியில் (தியேட்டருக்குக் கொடுக்கும் டிஜிட்டல் படப் பொதி) எந்தத் திரையரங்கிலும் தகராறு செய்யாமல் ஓடுவது அதுதான். எல்லாமே போனில் 30இல் எடுத்து யூடியூபில்தான் போடப்போகிறோம் என்றால் 30ஐ அப்படியே விடுங்கள். பல போன் திரைகள் 60 ஹெர்ட்ஸ், அதில் 30 சமமாக வகுபடும், 25 வகுபடாது. "சினிமா லுக்" வேண்டும் என்று 30ஐ 24க்கு மாற்றுவது வீண் வேலை. லுக் வராது, ஜெர்க் வரும்.

படி 1: ஃபைலைத் திறந்து பார்த்தல்

ஒவ்வொரு ஃபைலையும் மீடியாஇன்ஃபோவில் இழுத்துப் போட்டு, காட்சியை 'டெக்ஸ்ட்' முறைக்கு மாற்றுங்கள். வீடியோ பகுதியில் மூன்று வரிகள் முக்கியம்.

'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'கான்ஸ்டன்ட்' (மாறாத வேகம்) என்றிருந்தால் பிரச்சினை இல்லை. 'வேரியபிள்' (ஏறி இறங்கும் வேகம்) என்றிருந்தால் படி 2 கட்டாயம். 'ஃபிரேம் ரேட்' வரியில் இருப்பது சராசரி. வேரியபிள் ஃபைல் என்றால் அதன் கீழேயே மினிமம், மேக்ஸிமம் இரண்டும் இருக்கும். 'ஸ்கேன் டைப்' வரியில் 'இன்டர்லேஸ்டு' என்றிருந்தால் அது கேசட் வகை, அதற்குத் தனி வைத்தியம்.

போன்கள் ஏன் வேரியபிளாக எடுக்கின்றன? வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்க வேண்டியிருக்கிறது, அதனால் போன் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டான வாசலுக்குக் கேமரா திரும்பினால் 30 இறங்கிப்போகும், திரும்ப வெளிச்சத்துக்கு வந்தால் ஏறும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் இப்படித்தான், திரையில் அசைவு இல்லாதபோது ஃபிரேமே பதிவாகாமல் போகலாம்.

போனில் போட்டுப் பார்க்கும்போது இதனால் தொல்லை இல்லை, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேர முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையைப் பார்க்காமல் எண்ணிக்கையை வைத்து ஓட்டும் எடிட்டிங் மென்பொருளில்தான் சிக்கல். 40 நிமிட ஃபைலின் சராசரி 29.87 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 71,688 ஃபிரேம். அதை 30 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் படம் 10 வினாடி முன்னதாக முடிந்துவிடும், ஒலி முழுதாக 40 நிமிடம் ஓடும். முதல் நிமிடத்தில் தெரியாது, முடிவில் யார் வாயில் யார் பேச்சு என்றே தெரியாது.

ஒரு குறிப்பு: வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த ஃபைல் அழுத்திச் சுருக்கப்பட்டது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி மூல ஃபைலையே வாங்குங்கள்.

படி 2: ஹேண்ட்பிரேக்கில் சீராக்குதல்

நோக்கம் வேரியபிளைக் கான்ஸ்டன்ட் ஆக்குவது மட்டும்தான். 30 ஃபைலை இங்கேயே 25 ஆக்கிவிடாதீர்கள். ஹேண்ட்பிரேக்குக்கு ஃபிரேமைத் தூக்கவும் இரட்டிக்கவும் மட்டுமே தெரியும், இடைப்பட்ட ஃபிரேமை வரையத் தெரியாது. தூக்கியது தூக்கியதுதான்.

ஃபைலைத் திறந்ததும் ப்ரீசெட்டை (முன்கூட்டியே தொகுத்து வைத்த அமைப்புகள்) கவனியுங்கள். வழக்கமாக வரும் 'ஃபாஸ்ட் 1080பி30', பெயரில் உள்ளபடி 30ஐ உச்சவரம்பாக வைக்கிறது. 60இல் எடுத்த ஸ்லோமோஷன் காட்சியை அதிலேயே ஓட்டினால் பாதி ஃபிரேம் சத்தமில்லாமல் போய்விடும். 4கே ஃபைலும் 1080க்குச் சுருங்கும்.

'வீடியோ' டேபுக்குப் போய் 'ஃபிரேம்ரேட்' பட்டியலில், 30 ஃபைல் என்றால் 30ஐத் தேர்ந்தெடுங்கள். மீடியாஇன்ஃபோவில் 29.97 என்று இருந்தால் 29.97. அருகில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தொடுங்கள். 'சேம் அஸ் சோர்ஸ்' என்று விட்டுவிட்டுக் கான்ஸ்டன்ட் போட்டால் 29.87 போன்ற அனாமத்து எண்ணில் ஃபைல் வந்து நிற்கும், அது டைம்லைனில் மறுபடியும் தலைவலி. என்கோடர் எச்.264, தரம் ஆர்எஃப் 16 முதல் 18 வரை. இந்த எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். பார்ப்பதற்கான ஃபைல் என்றால் 20, 22 போதும், ஆனால் இது மறுபடி எடிட் ஆகப்போகிறது.

'டைமென்ஷன்ஸ்' டேபில் தானாக வெட்டும் வசதியை அணைத்து, அளவு மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இருட்டுக் காட்சிகளில் ஓரத்தைக் கறுப்புப் பட்டை என்று நினைத்து வெட்டிவிடுவது உண்டு. 'ஃபில்டர்ஸ்' டேபில் டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழுப்படமாக்குவது) 'ஆஃப்', கேசட் ஃபைலுக்கு மட்டும் வேறு வழி, அது பின்னால். 'ஆடியோ' டேபில் ஏஏசி, 320 கேபிபிஎஸ், சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். ஃபைல்கள் நிறைய இருந்தால் எல்லாவற்றையும் 'கியூ'வில் சேர்த்து ராத்திரி ஓடவிடலாம்.

எச்டிஆரில் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வீச்சில் பதிவாகும் முறை) எடுத்த போன் வீடியோ மட்டும் இந்த வழியில் வெளுத்துப்போன நிறத்தில் வரலாம். அதற்கு 10 பிட் எச்.265 என்கோடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 3: டாவின்சி ரிசால்வில் மாற்றுதல்

புதிய புராஜெக்ட்டைத் திறந்ததும், ஒரு கிளிப்பைக்கூடக் கொண்டுவருவதற்கு முன், வலது கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி 'மாஸ்டர் செட்டிங்ஸ்' போங்கள். 'டைம்லைன் ஃபிரேம் ரேட்' 25, 'பிளேபேக் ஃபிரேம் ரேட்' 25. கிளிப்கள் உள்ளே வந்தபின் இந்தக் கட்டம் பூட்டிக்கொள்ளும். வேறு எண்ணில் முதல் கிளிப் வரும்போது "ஃபிரேம் ரேட்டை மாற்றட்டுமா" என்று ஒரு பெட்டி கேட்கும். யோசிக்காமல் 'சேஞ்ச்' தட்டி, 25 போட்டதை 30 ஆக்கிவிட்டு, பாதி எடிட் முடிந்தபின் கண்டுபிடிப்பது அடிக்கடி நடப்பது. 'டோன்ட் சேஞ்ச்' தட்டுங்கள்.

இனி கிளிப் கிளிப்பாக முடிவு.

50லிருந்து 25: ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் முடிந்தது, எதையும் தொட வேண்டாம். 60லிருந்து 30ம் அப்படியே.

மெதுவாக ஓட வேண்டியவை: மீடியா பூலில் கிளிப்பை வலது கிளிக் செய்து 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்', அதில் 'வீடியோ ஃபிரேம் ரேட்' 25. 50 பாதி வேகமாகும். 60க்கு 2.4 மடங்கும் 120க்கு 4.8 மடங்கும் நீளும். ஒரு ஃபிரேமும் தொலையாது. இந்த கிளிப்களின் ஒலியை மறந்துவிடுங்கள்.

30லிருந்து 25, அதே வேகத்தில்: இதுதான் கஷ்டமான கேஸ். ரிசால்வ் வழக்கமாகச் செய்வது 'நியரஸ்ட்', அதாவது அருகிலிருக்கும் ஃபிரேமை எடுத்துக்கொள்வது. ஆறில் ஒன்று போகும். 1, 2, 3, 4, 5 வந்து 6 இல்லாமல் 7க்குத் தாவும், வினாடிக்கு ஐந்து தாவல். மணமக்கள் அமர்ந்திருக்கும் காட்சியில் யாருக்கும் தெரியாது, அப்படியே விட்டுவிடலாம். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது, கார் குறுக்கே போகும்போது, ஊர்வலம் நகரும்போது பளிச்சென்று தெரியும். அந்த கிளிப்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் 'ரீடைம் அண்ட் ஸ்கேலிங்' பகுதியைத் திறந்து, 'ரீடைம் பிராசஸ்' என்பதை 'ஆப்டிகல் ஃப்ளோ' (இடைப்பட்ட ஃபிரேமை ஊகித்து வரைவது) ஆக்குங்கள். 'மோஷன் எஸ்டிமேஷன்' 'என்ஹான்ஸ்டு பெட்டர்'.

60லிருந்து 25: நியரஸ்டே பெரும்பாலும் போதும். 60இல் ஃபிரேம்கள் நெருக்கமாக இருப்பதால் எடுக்கும் ஃபிரேம் சரியான நேரத்திலிருந்து அதிகபட்சம் 8 மில்லி வினாடிதான் தள்ளியிருக்கும். 30இல் அது 16 வரை போகும். போனில் எடுக்கப்போகிறவரிடம் முன்கூட்டியே பேச முடிந்தால், வெளிச்சம் உள்ள இடத்தில் 60இல் எடுக்கச் சொல்வது லாபம். ஒரு விலையும் உண்டு: 60இல் ஷட்டர் வேகமாக இருப்பதால் அசைவில் மங்கல் குறைந்து, 25க்கு இறக்கியபின் சற்று வெட்டுவெட்டாகத் தெரியும்.

ஆப்டிகல் ஃப்ளோ எங்கே காலை வாரும்

30லிருந்து 25க்குப் போகும்போது இரண்டு கணக்கும் ஒரே நொடியில் சந்திப்பது 5 ஃபிரேமுக்கு ஒரு முறைதான். அதாவது வெளியே வரும் ஐந்து ஃபிரேமில் நான்கு கேமரா எடுத்ததல்ல, கம்ப்யூட்டர் வரைந்தது. முன்ஃபிரேமில் இருந்த புள்ளி அடுத்த ஃபிரேமில் எங்கே போயிருக்கிறது என்று தேடி, நடுவில் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகம் தப்பும் இடங்கள் எப்போதும் ஒரே மாதிரியானவை.

அட்சதை தூவும் காட்சி முதலாவது. நூற்றுக்கணக்கான அரிசி, ஒன்றுபோல இன்னொன்று. எது எங்கே போனது என்று தெரியாமல் முகத்தின் மேல் மாவைக் கரைத்தது போல இழுபடும். ஆரத்தித் தட்டைச் சுற்றும் கை முகத்தைக் கடக்கும்போது கன்னம் கையோடு ஒட்டிக்கொண்டு நகரும். ஜன்னல் கம்பி, பட்டுப்புடவையின் கட்டம், சீரியல் லைட் போன்ற திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் நெளியும். மின்விசிறி இறக்கை கரையும். இன்னொரு போட்டோகிராஃபரின் ஃபிளாஷ் ஒரு ஃபிரேமில் மட்டும் அடித்தால், அந்த வெள்ளை அக்கம்பக்கத்து ஃபிரேம்களுக்கும் கசியும்.

இப்படிப்பட்ட இடத்தில் கிளிப்பை பிளேடால் வெட்டி, கெட்டுப்போகும் ஒன்றரை வினாடியை மட்டும் நியரஸ்டுக்குத் திருப்புங்கள். தாவல் ஒன்றிரண்டு இருந்தாலும் முகம் முகமாக இருக்கும். 'ஃபிரேம் பிளெண்ட்' என்ற மூன்றாவது வழி இரண்டு ஃபிரேமை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும். தண்ணீர், புகை, தூரத்துக் கூட்டத்துக்குப் பரவாயில்லை. முகத்துக்கு வேண்டாம், பேய் பிடித்தது போல இரட்டை விளிம்பு விழும்.

இன்னும் இரண்டு விஷயம். ஏற்கெனவே எடிட் ஆன வீடியோவை ஒட்டுமொத்தமாக மாற்றினால், ஒரு ஷாட்டின் கடைசி ஃபிரேமும் அடுத்த ஷாட்டின் முதல் ஃபிரேமும் கலந்து உருகும். முதலில் ஷாட் ஷாட்டாக வெட்டிக்கொண்டு பிறகு மாற்றுங்கள். அடுத்து, படி 2இல் சீராக்கிய இருட்டுப் பகுதிகளில் இரட்டித்த ஃபிரேம்கள் உள்ளே உறைந்திருக்கும். ஆப்டிகல் ஃப்ளோ அங்கே நிற்பதும் தாவுவதுமாகத் திணறும். அங்கேயும் நியரஸ்ட்தான்.

25ஐ 24 ஆக்குதல்

25இல் எடுத்த குறும்படத்தைத் தியேட்டருக்கு 24 ஆக்கும்போது எதையும் தூக்க வேண்டாம், வேகத்தை 96 சதவீதம் ஆக்கினால் போதும். 60 நிமிடப் படம் 62 நிமிடம் 30 வினாடி ஆகும். நடையில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒலியையும் அப்படியே இழுத்தால் சுருதி இறங்கும், அரைச்சுரத்தில் ஏறக்குறைய 0.7 பங்கு. பேச்சில் லேசாகக் குரல் தடிக்கும், பாட்டில் இசைக்காது உள்ளவர் நெளிவார்.

ஒலியைத் தனியாக வேவ் ஃபைலாக எடுத்து, ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ' திறந்து, சதவீதத்தில் மைனஸ் 4 கொடுங்கள். சுருதி மாறாமல் நீளம் மட்டும் மாறும். பெயர் ஒத்திருக்கிறது என்று 'சேஞ்ச் பிட்ச்' பக்கம் போய்விடாதீர்கள். மாறாக 24ஐ 25 ஆக்குவதென்றால் பிளஸ் 4.167. 120 நிமிடம் 115 நிமிடம் 12 வினாடியாகும்.

சப்டைட்டிலும் சேர்ந்து மாற வேண்டும். சப்டைட்டில் எடிட்டில் 'சேஞ்ச் ஃபிரேம் ரேட்' என்றே ஒரு வசதி உண்டு: எதிலிருந்து 25, எதற்கு 24. நெட்டில் இறக்கிய சப்டைட்டில் தொடக்கத்தில் சரியாகவும் போகப்போக விலகியும் வந்தால் காரணம் இதுவே. 23.976க்குச் செய்ததை 25 படத்தில் போட்டால் ஒரு மணி நேர முடிவில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் தள்ளியிருக்கும்.

கேசட் வீடியோ

பால் கேசட் பெயருக்கு 25 ஃபிரேம். உண்மையில் ஒவ்வொன்றிலும் இரண்டு அரைப்படங்கள், வினாடிக்கு 50 நேரத் துண்டுகள். இதை டீஇன்டர்லேஸ் செய்யாமல் ஃபிரேம் ரேட்டில் கை வைத்தால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்லாகும், பிறகு எதனாலும் நீக்க முடியாது. ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸில் டீஇன்டர்லேஸை 'யாடிஃப்' ஆக்கி, அதன் ப்ரீசெட்டை 'பாப்' என்று வைத்து, ஃபிரேம்ரேட் 50 கான்ஸ்டன்ட் கொடுங்கள். 50 ஃபிரேமும் முழுப்படமாகக் கிடைக்கும், 25 டைம்லைனில் அழகாக உட்காரும்.

கமாண்ட் லைனில் செய்பவர்களுக்கு

தொடக்கத்தில் சொன்ன இரண்டு வேலைகளின் வித்தியாசம் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரே சுவிட்ச்சில் இருக்கிறது. ஃபிரேம் ரேட்டுக்கான 'ஆர்' (-r) சுவிட்சை உள்ளீட்டு ஃபைலுக்கு முன்னால் வைத்தால், ஃபைலில் உள்ள நேர முத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நீங்கள் சொன்ன வேகத்தில் ஓட்டும். படத்தின் நீளம் மாறும், ஒலி மாறாது, எனவே சிங்க் (படமும் ஒலியும் ஒத்துப்போவது) போகும். அதையே வெளியீட்டு ஃபைலுக்கு முன்னால் வைத்தால் நீளத்தைக் காப்பாற்றி, ஃபிரேமைத் தூக்கியோ இரட்டித்தோ சரிசெய்யும். இடம் மாறிப் போட்ட ஒரு சுவிட்ச்சால் முழு ராத்திரி என்கோடிங் வீணாவது சகஜம், அதனால் முதலில் 30 வினாடித் துண்டில் ஓட்டிப் பாருங்கள். இடைப்பட்ட ஃபிரேமை வரைவதற்கு 'எம்இன்டர்பொலேட்' என்ற ஃபில்டர் உண்டு. மிக மெதுவானது. அட்சதையில் இதுவும் தடுமாறும்.

முடிந்ததைச் சோதித்தல்

வெளியே வந்த ஃபைலை மறுபடி மீடியாஇன்ஃபோவில் போடுங்கள்: கான்ஸ்டன்ட், 25.000, ஒலியும் படமும் ஒரே நீளம். பிறகு கேமரா நகரும் ஒரு ஷாட்டை எடுத்து, வலது அம்புக்குறி விசையால் ஃபிரேம் ஃபிரேமாக 25 தட்டு தட்டுங்கள். படம் நகராமல் நின்ற தட்டுகளை எண்ணுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நல்லது. ஐந்தில் ஒன்று நின்றால் எங்கோ ஓரிடத்தில் 20ஆகக் குறைந்து மறுபடி 25க்கு இரட்டிக்கப்பட்டிருக்கிறது.

ஒலி விலகினால், எப்படி விலகுகிறது என்று பார்ப்பதே பாதி வைத்தியம். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் அது ஃபிரேம் ரேட் பிழையல்ல, ஒலியை நகர்த்தினால் சரியாகும். சீராகக் கூடிக்கொண்டே போனால் எங்கோ தவறான எண். ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகினால் 24ஐ 23.976 என்றோ, 30ஐ 29.97 என்றோ எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் சரியாக இருந்து திடீரென்று விலகி, பிறகு நிலைத்தால் வேரியபிள் ஃபைல் ஒன்று படி 2ஐத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது.

டியூப்லைட்டின் மினுக்கை மட்டும் இவை எதுவும் தீர்க்காது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் முழுத் துடிப்புகள் உள்ளே வரும், 1/60 என்றால் வராது. 60 ஃபிரேமில் 1/50 வைக்க முடியாது, எனவே மண்டபத்துக்குள் 1/100. ஐபோனில் 'ரெக்கார்ட் வீடியோ' அமைப்பில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்பதை இயக்கினால் 25 ஃபிரேமும் பட்டியலில் வரும். அதே பக்கத்தில் உள்ள 'ஆட்டோ எஃப்பிஎஸ்' அணைந்திருக்கட்டும். மறுநாள் கல்யாணத்தில் போனைப் பிடிக்கப்போகிற சித்தப்பாவுக்கு முதல் நாளே இதை மாற்றிக் கொடுத்துவிட்டால், மேலே உள்ள பாதிப் படிகள் தேவைப்படாது.